புள்ளிக்குப் பின்னால் ஒரு மூட்டை

சுமித்ராவுக்குக் கணினி என்றால் பயமே கிடையாது. கொல்லிமலை மிளகு விவசாயிகள் கூடி நடத்தும் கிடங்கில் அவளுக்கு வேலை. மூட்டையின் ஈரப்பதம் கருவியிலிருந்து நேராகக் கணினிக்குப் போய்விடும். பட்டியல் வேண்டுமென்றால் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கேள்வி தட்டுவாள். பதில் கடகடவென்று வந்து விழும்.

ஆறு மாதத்துக்கு முன் அந்தத் திரையில் கைவைத்தாள். “அவனுக்கு 11.3, எனக்கு மட்டும் 11.8-ஆ?” என்று விவசாயிகள் ஆளாளுக்கு மல்லுக்கட்டினார்கள். அதில் பெரிய தொண்டை அவளுடைய அப்பா அர்த்தனாரிக்குத்தான். சலித்துப்போனவள், புள்ளிக்குப் பின்னால் எதுவும் காட்டாதபடி எண்களின் வடிவத்தை மாற்றிவிட்டாள். சண்டை நின்றது. கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சினார்கள்; அவளும் நம்பிக்கொண்டாள்.

இன்று காலை மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிய லாரி, நாற்பது மூட்டையோடு அப்படியே மலையேறி வந்தது. ஒரு மூட்டையின் ஈரப்பதம் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டினாலும் வியாபாரி சேக் மைதீன் மொத்தத்தையும் திருப்பிவிடுவார். மாலைக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் வேறு ஊர் மிளகை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். திரையிலோ பன்னிரண்டுக்கு மேல் ஒன்றுமே இல்லை.

“அவரு மிசினுதாங்க கோளாறு!” என்று அர்த்தனாரி குதித்தார். கூட்டமும் ஆமாம் போட்டது.

சுமித்ரா கணினி முன் உட்கார்ந்தாள். செய்யவேண்டியதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே இருக்கும் எண்ணை அவள் தொடவில்லை; காட்டும் விதத்தைத்தான் மாற்றியிருந்தாள். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டச் சொல்லிவிட்டு, அதே கேள்வியை மறுபடி தட்டினாள்.

முப்பத்தொன்பது மூட்டை சரியாக இருந்தது. இதுவரை வெறும் 12 என்று காட்டிய ஒன்று மட்டும் 12.46. பக்கத்தில் பெயர்: அர்த்தனாரி.

அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

“அவரு மிசினு சரிதானுங்க. நாந்தான் புள்ளிய மறைச்சுப்போட்டேன், தப்பு என்னோடது. ஈர மூட்டை நம்மளுதுங்கப்பா.”

அர்த்தனாரி மகளை முறைத்தார். “ஊட்டுக்கு வந்து சொல்லக்கூடாதா கண்ணு?”

“லாரி நிக்குதுங்கப்பா.”

அவர் லாரியில் ஏறினார். தன் மூட்டையைத் தேடி இறக்கி, அவிழ்த்து, ஒரு மிளகை வாயில் போட்டுக் கடித்தார். அது நொறுங்கவில்லை.

“ஈரந்தானுங்க,” என்றார், எல்லோரையும் பார்த்து.