சாட்சிக் கூண்டில் நின்றவன்

இது நடந்தது. ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை. பேராசிரியர் தேஜஸ்ரீயே சொன்னது. அதுவும் தலையை நிமிர்த்தாமல்.

சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் நாடகத் துறைத் தலைவர் அவர். வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றமே ஒரு நாடக மேடைதான் என்பது அவருடைய ஆய்வு. அதை விளக்க அட்டையில் ஒரு சின்ன மேடை மாடல் இருந்தது. நீதிபதி, கைதி, காலியான சாட்சிக் கூண்டு. மூன்று மாதம் உட்கார்ந்து அதைச் செய்தவன் அவருடைய ஆய்வு மாணவன் அய்மன், போத்தனூர்க்காரன். யோசனையும் அவனுடையதே. ஆனால் தேஜஸ்ரீயின் புத்தகத்தில் அவன் பெயர் இல்லை. ஆய்வை விட்டுவிட்டுப் போனவன் நான்கு முறை போன் செய்தான். அவர் எடுக்கவில்லை.

போன மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்கு அவருடைய உரை. 3:10க்குத் தனியாக அரங்குக்குள் போனார். மேசைமேல் இருந்த மாடலின் துணியை எடுத்தார்.

கூண்டில் ஓர் அட்டை மனிதன்.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று எடுத்துக் கைப்பையில் போட்டார். விரலில் பசை ஒட்டியது. ஈரம்.

3:22. பக்கத்திரைக்குப் பின்னால்... சரக்... சரக்... கத்தரி அட்டையை வெட்டும் சத்தம்.

“யாருங்க?”

நின்றது.

திரையை விலக்கினார். யாருமில்லை. தரையில் அட்டைத் துணுக்குகள்.

திரும்பினார்.

கூண்டில் மறுபடி அதே அட்டை மனிதன்.

பை... காலி.

வெளியே ஓடினார். வாசலில் காவலாளி பாலுசாமி.

“உள்ள யார விட்டீங்க?”

“ஒரு தம்பிதானுங்க மேடம். அந்த மாடல செஞ்சதே நான்தான்னாருங்க. உட்டுப்போட்டேன். இன்னும் வெளிய வரலீங்களே...”

நான்கு மணிக்கு அரங்கு நிறைந்தது. எப்படியோ பேசி முடித்தார். 5:05க்கு பூஜிதா என்ற மாணவி எழுந்தாள்.

“மேடம், இந்த மாடல் யாருங்க செஞ்சது?”

பெயர் நாக்கு நுனிவரை வந்தது. முன்வரிசையில் துணைவேந்தர்.

“நான்தான்.”

கைதட்டினார்கள்.

ஆறரைக்கு, துறை போனிலிருந்து அய்மனை அழைத்தார். அவன் அக்கா இஸ்மத் எடுத்தாள்.

“அவன் பேசமாட்டானுங்க. பைக்குல அடிபட்டு ஏழு மாசமா நெனவே இல்லாம கெடக்கறானுங்க. இன்னைக்குத்தான் ஒரே ஒருக்கா வாயத் தொறந்தான். மணி பாத்தேன், அஞ்சு அஞ்சுங்க. ‘நான்தான்னு சொல்லிப்போட்டாங்க’ன்னான். அழுதான். மறுபடி கண்ண மூடிக்கிட்டான். யாரச் சொன்னான்னே வெளங்கலீங்க...”

பிறகு இஸ்மத்தே கேட்டாள்.

“ஏனுங்க, நீங்க யாருங்க பேசறது?”

தேஜஸ்ரீ போனை வைத்துவிட்டார்.