பூச்சட்டி வைத்த வீதி

என் பக்கத்து வீட்டுக்காரர் கொரியாவில் பிறந்த பெண். எங்கள் கவுன்சிலில் நகரத் திட்டமிடும் வேலையில் இருந்தார். எந்த வீதியில் கார் போகலாம், எங்கே மரம் வரவேண்டும் என்றெல்லாம் வரைகிற வேலை. திடீரென்று அதை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். சம்பளம் வாங்குகிற கவுன்சிலிலேயே உறுப்பினராக நிற்க முடியாதாம். இந்த நாட்டுப் பிரஜையானபோது தன் நாட்டுப் பாஸ்போர்ட்டையும் விட்டுக்கொடுத்திருந்தார்.

“தோற்றால் வேலையும் இல்லை, திரும்பிப் போக நாடும் இல்லை” என்று வேலிக்கு மேலால் எட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாக்குக் கேட்கத் தமிழ் வீடுகளுக்குத் தன்னோடு வரமுடியுமா என்று கேட்டார். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். கடையில் மிச்சக்காசு குறைந்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுவேன். அவரிடம் மாட்டேன் என்று சொல்லவும் அதே கூச்சம்தான். போனேன்.

மற்றக் கட்சிக்காரர் வாசலில் நின்று துண்டுப் பிரசுரத்தை நீட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார்கள். எங்களால் அது முடியவில்லை. கதவு திறந்ததும் இவர் கேளாமலே சப்பாத்தைக் கழற்றிவிடுவார். கொரியாவிலும் அப்படித்தானாம். சப்பாத்தைக் கழற்றிய ஆளை எந்தத் தமிழ் வீடு தேத்தண்ணி கொடுக்காமல் விடும்? ஒரு மாலைக்குள் நாலைந்து வீடுகூடத் தாண்டவில்லை. எல்லா வீட்டிலும் “ஓம் ஓம், உங்களுக்குத்தான்” என்றார்கள். அவர் முகம் மலர மலர எனக்குப் பயம் கூடியது. எங்கள் ஆட்கள் மற்றக் கட்சிக்காரரிடமும் அதே ‘ஓம் ஓம்’தான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு பயமும் இருந்தது. எங்களுக்கு அடுத்த வீதியைக் காருக்கு மூடி, நடுவில் பெரிய மரப் பூச்சட்டிகளை வைத்த திட்டம் இவர் வரைந்தது. அந்த வீதியில் மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடுகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்தேன். இவர் அதற்குள் மணியை அடித்துவிட்டார்.

அண்ணை வரவேற்று இருத்தினார். தேத்தண்ணியும் வடையும் வந்தன. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, இவதானே எங்கட ரோட்டிலை பூச்சட்டி வைச்சவா? அம்மாவை டயாலிசிசுக்குக் கொண்டுபோக ஊரெல்லாம் சுத்துறன். பூவைப் பாத்தா வயிறு நிரம்புமோ எண்டு கேளுங்கோ.”

அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிற ஆளை முகத்துக்கு நேரே ஏச மனம் வரவில்லை; அதனால் என்னிடம் தமிழில் சொன்னார். நான் இவரிடம் “வீதியில் கொஞ்சம் சிரமமாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“நான் சொன்னது அதில்லையே!” என்றார் அண்ணை. “அம்மா எங்கை? பூ எங்கை?”

உள்ளே அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. “பாவம், அந்தப் பிள்ளையை விடுங்கோ. உங்கட வாய்க்கு ஆர் மொழிபெயர்க்கிறது?”

பக்கத்து வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். “அவர் சொன்னதை முழுவதும் சொல்லுங்கள்” என்றார்.

தரையைப் பார்த்தபடியே முழுவதையும் சொன்னேன், வயிறு நிரம்புமோ என்றது உட்பட.

“ஆம், நான்தான் வரைந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து போகிற வீதி அது. ஆனால் இணையத்தில்தான் கருத்துக் கேட்டோம். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அது பிழை.”

அண்ணை இப்போது ஆங்கிலத்திலேயே கேட்டார். “வென்றால் பூச்சட்டியை எடுப்பீர்களா?”

“எடுப்பேன் என்று சொல்லமாட்டேன். வந்து உங்கள் கருத்தைக் கேட்பேன்.”

எடுப்பேன் என்றே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். அண்ணை என்னைப் பார்த்தார். “நான் ஓம் எண்டு சொல்லேல்லை, தங்கச்சி. யோசிக்கிறன்.”

வெளியே வந்ததும், “இன்று இவர் ஒருவர் சொன்னதைத்தான் நம்புகிறேன்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த ‘ஓம் ஓம்’ வெறும் மரியாதைக்கு என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

வாக்களிப்பு நாளில் அண்ணை பூச்சட்டியைச் சுற்றிக்கொண்டு தாயைக் காரில் வாக்குச் சாவடிக்குக் கூட்டிவந்தார். யாருக்குப் போட்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மிகக் கொஞ்ச வாக்கில் வென்றார். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அது அடுத்த நாள் காலை வரைக்கும்தான். கதவைத் திறந்தால் அண்ணை நிற்கிறார். கார்த் திறப்பு வளையத்தோடு அவர் விரலில் சுற்றுகிறது.

“வந்து கேப்பன் எண்டு உங்களுக்கு முன்னாலைதானே சொன்னவா. எப்ப வாறா?”

“கேட்டுச் சொல்லுறன் அண்ணை.”

“முழுசாக் கேளுங்கோ. அரைவாசியை விழுங்கிப்போடாதேங்கோ.”

செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தேன்.