தோசைக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு கரும்பலகை

காணிப்பாக்கம் பிள்ளையார் மேல் சத்தியம்! பொய்ச் சத்தியம் பொறுக்காத அந்தச் சாமியின் கோயில் குளத்தில் முங்கி எழுந்து, ஈர வேட்டி சொட்டச் சொட்டச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கரும்பலகையில் தினம் ஒரு தகவல் எழுதுவது லேசுப்பட்ட உத்தியோகம் அல்ல. படிக்கிறவர் நம்பவும் வேண்டும், சாம்பார் ஆறுவதற்குள் மறக்கவும் வேண்டும். காலையில் குடும்ப குரூப்பில் “இன்று என்ன நாள் தெரியுமா?” என்று அனுப்பிவிட்டு, ஒரு கட்டைவிரல்கூட வராமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சக துன்பவாசிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

பலகை ஏறிய கதை

சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முனிரத்தினத்தின் டிபன் சென்டர். திருப்பதி பஸ் பிடிக்கிற கூட்டம் காலையிலேயே நிற்கும். இருப்பதோ எட்டு மேஜை. இடம் கிடைப்பதற்குள் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் நான் வாசலில் நின்று கதை விட்டேன், ஒருத்தரும் நகரவில்லை. மறுநாளே முனிரத்தினம் என் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. ஒரு சொல், ஒரு பண்டிகை, ஒரு சரித்திரம், ஒரு பிரபலத்தின் பிறந்தநாள்.

ரிட்டையர் ஆன பிறகு என்னிடம் யாரும் மணிகூடக் கேட்டதில்லை. இப்போது தெருவில் மறித்து, “நாளைக்கு என்ன தாத்தா?” என்றார்கள். அந்த இரண்டடிப் பலகை போனால் நான் மறுபடியும் வெறும் கிழவன். ஆனால் முதலாளியின் மச்சான், அதே இடத்தில் மாட்ட ஒரு பெரிய டிவியை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். முனிரத்தினம் நியாயஸ்தர். “ரெண்டு தப்பு வரைக்கும் பொறுத்துக்குவேன் தாத்தா. மூணாவது தப்பு அன்னிக்குப் பலகை எறங்கும், டிவி ஏறும்.”

துன்னு

‘இன்றைய சொல்: துன்னு. நம் பக்கத்தில் சாப்பிடுவதற்குச் சொல்வது’ என்று எழுதினேன். திருப்பதிக்குப் போகிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் முகம் சுளித்தார். “சாமி கும்பிடப் போற வழியில இப்படியெல்லாமுங்களா எழுதறது?” இதுவும் தப்புக் கணக்கில் சேருமோ?

தோசை மாஸ்டர் கோவிந்தப்பா, மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் குப்பம் ஊர்க்காரர். மூன்று பாஷையில் சண்டை போட்டுக்கொண்டே ஒரு தோசையும் கருகாமல் எடுக்கிற மகான். “மொதல்ல துன்னு பாருங்க சாமி, அப்பறம் பேசலாம்” என்று நெய்த் தோசையை நீட்டினார். கோவைக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்றாவது தோசை முடிந்ததும் விரலை நக்கியபடி சொன்னார்: “இன்னொண்ணு போடுங்க. துன்னுக்கினே இருக்கலாம்போல இருக்குதுங்க!”

உகாதி இரண்டு நாள்

உகாதியன்று ‘இன்று விடுமுறை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியதோடு சரி. மறுநாள் எனக்குக் காய்ச்சல், அழிக்க ஆளில்லை. ஆபீஸ் போகிற வழியில் இட்லி சாப்பிட வந்த குமாஸ்தா ஒருவர் பலகையைப் படித்தார். கூட இருந்த நாலு பேருக்கும் காட்டினார். ஐந்து பேரும் நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஊர் நம் பலகையை அப்படி நம்பியது! முனிரத்தினம் ஒரு விரலை மடக்கினார். குமாஸ்தா மட்டும் என் காதோடு சொன்னார்: “தாத்தா, சங்கராந்திக்கும் உங்களுக்குக் காய்ச்சல் வரணும்.”

ராஜாவும் மசால் தோசையும்

சந்திரகிரிக் கோட்டை ராஜா ஒருவர் மாறுவேடத்தில் சித்தூர் வந்து மசால் தோசை சாப்பிட்டதாக எழுதினேன். என் முப்பாட்டனார்தான் பரிமாறினார், அதை விடுங்கள். விஜயம்மா டீச்சர் வந்தார். ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், இன்னமும் கைப்பையில் சாக்பீஸ் வைத்திருப்பவர். பலகையின் முன் நின்று, ‘மசால்’ என்பதை மட்டும் நேர்கோடாக அடித்தார். அந்தக் கோட்டின் அழகில் எனக்குக் கோபமே வரவில்லை. முனிரத்தினம் இரண்டாவது விரலை மடக்கினார். டீச்சர் சொன்னது இதுதான்: “ராஜா வந்தாரு, அது சரி. உருளைக்கெழங்கு அப்போ நம்ம ஊருக்குக் கப்பலே ஏறலையே பெரியவரே!”

ஜூலை ஒன்று

அன்று காலை நான் குறித்து வைத்திருந்த தாள் சாம்பாரில் விழுந்துவிட்டது. மச்சானோ டிவியோடும் டிரில் மிஷினோடும் ஆளையே கூட்டிவந்துவிட்டார். பிரபலத்துக்கு எங்கே போவேன்? “உன் பொறந்தநாள் எப்போப்பா?” என்றேன் கோவிந்தப்பாவிடம். “ஆதார்ல ஜூலை ஒண்ணு. இன்னிக்குத்தான்!” எனக்கும் அதுதான். அந்தக் காலத்தில் யாருக்குத் தேதி தெரியும்? தலைக்கு மேலாகக் கையைப் போட்டு எதிர்க் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொட்ட பிள்ளைக்கு வாத்தியார் எழுதுவது ஜூலை ஒன்று.

எழுதினேன்: ‘இன்று பிறந்தநாள் காணும் பிரபலங்கள்: பள்ளியில் சேரக் காதைத் தொட்டுக் காட்டிய அத்தனை பேரும்.’

வரிசையில் நின்றவர்கள் படித்தார்கள். ஒரு கை எழுந்தது, பிறகு நாலு, பிறகு எண்ண முடியவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வாழ்த்திக்கொண்டார்கள். “இதென்ன தகவலு? இது மூணாவது தப்பு!” என்று மச்சான் டிரில்லைத் தூக்கினார். அப்போது டீச்சர் உள்ளே நுழைந்தார். நிதானமாகப் படித்தார். கைப்பையைத் திறந்து சாக்பீஸை எடுத்தார். இன்னொரு நேர்கோடு விழப்போகிறது என்று நான் விலகி நின்றேன்.

பலகையின் ஓரத்தில் பெரிதாக ஒரு ‘டிக்’ போட்டார். முதலாளி பக்கம் திரும்பினார்.

“இதுல தப்பே இல்ல முனிரத்தினம். இந்த ஊர்ல பாதிப் பேர ஜூலை ஒண்ணாந்தேதி பெத்தவளே நான்தான். உன்னையும் சேத்து!”

முதலாளி சிறுபிள்ளை மாதிரி காதைத் தொட்டுக்கொண்டார். எல்லோருக்கும் கேசரி வந்தது. டிவி கல்லாவுக்குப் பின்னால் போனது, பலகை அங்கேயே இருக்கிறது.

இத்தனை பேருடைய பிறந்தநாள் ரகசியத்தையும் வெளியே விட்டது நான்தான் என்று தயவுசெய்து யாரிடமும் மூச்சு விடாதீர்கள், டீச்சரம்மாவின் கைப்பையில் இன்னும் சாக்பீஸ் இருக்கிறது.