முட்டில் இறங்கிய சாரல்

குற்றாலத்தில் என் மாமியாருக்கு ஒரு பங்களா இருந்தது. சீசனில் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். அவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவிக்குப் போகுமுன் வீடு முழுக்க நடந்து தொலைப்பார்கள். தென்காசி வீட்டிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவது அந்த எண்ணெய்த் தரைக்காகத்தான். முட்டி போட்டு, அரப்புத் தூளும் தேங்காய் நாரும் கொண்டு தேய்க்க வேண்டும். வேலைக்காரி வைத்தால் திருடுவாள் என்பது மாமியார் கட்சி.

கல்யாணமான முதல் சீசனிலேயே என் வலது முட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் வந்துவிட்டது. குடிவந்திருந்த மதுரை டாக்டர் ஒருவர் நான் நொண்டுவதைப் பார்த்து, மாமியாரை வைத்துக்கொண்டே காட்டச் சொன்னார். தன் முழங்கைத் தோலை இழுத்துக் காட்டி விளக்கினார். எலும்பின்மேல் தோல் வழுக்கிக்கொண்டு போவதற்காக நடுவில் சின்னப் பை ஒன்று இருக்குமாம். முட்டு, முழங்கை, தோள், குதிகால் எங்கும் உண்டாம். கொஞ்சம் ஈரம்தான் இருக்கும். ஓயாமல் அழுத்தினால் நீர் கோத்துக்கொள்ளுமாம்.

"மருந்தே வேண்டாம்மா. முட்டி போடாம இருந்தா தானா வத்திரும்" என்றார்.

அவர் அருவிக்குப் போனதும் மாமியார் தீர்ப்பு சொன்னாள். "வேல செஞ்சு யாருக்குட்டி முட்டு வீங்கும்? சாரல் தண்ணி உள்ள எறங்கிட்டு. சுட்டாத்தான் போவும்."

டாக்டர் சொன்னது நிஜமென்றால் தரையை யார் தேய்ப்பது? சாரல் என்றால் யார்மேலும் பழியில்லை.

விரலி மஞ்சளை விளக்கில் காட்டிக் கனன்று சிவக்க வைத்தாள். "ஏலே, கால இறுக்கிப் பிடி" என்று மகனைக் கூப்பிட்டாள். என் வீட்டுக்காரர் பிடித்தார். கல்யாணத்தன்று அம்மியில் தூக்கி வைத்து மெட்டி போட்ட அதே கால், அதே கை. முட்டில் சூடு பட்டதும் நான் கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கையை விடவில்லை.

புண் சீழ் வைத்து உள்ளே இறங்கியது. ஆறியபோது கால் கட்டை மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது. தரை தேய்க்க வேலைக்காரி வந்தாள். அவள் ஒன்றும் திருடவில்லை.

சில வருஷம் கழித்து மாமியாருக்கு முழங்கையில் அதே வீக்கம். மரப்பெஞ்சில் முழங்கையை ஊன்றிப் படுத்தபடி வெற்றிலை போட்டே வந்தது.

"அத்த, மஞ்சளச் சுட்டுக் கொண்டாரட்டா?" என்றேன். என் வயிறு குளிரத்தான் கேட்டேன்.

"ஏலே, வண்டியக் கட்டு!" என்று மகனைப் பார்த்து அலறினாள்.

தென்காசி டாக்டரும் அந்தப் பையைத்தான் சொன்னாராம். கைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்தால் போதுமாம். இலவம்பஞ்சு அடைத்து அதற்கு ஒரு சின்னத் தலையணை தைத்தது நான். வீக்கம் வற்றிவிட்டது. மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் கையையும் தலையணையையும் தூக்கிக் காட்டினாள்.

"மருமவ தச்சதுதான். காலுதான் வெளங்காது, கை நல்லா ஓடுது அவளுக்கு."

நான் பெஞ்சுக்கு எதிரே சுவரில் சாய்ந்து, கீழே உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏட்டி, அம்மைக்கு நேரா காலை நீட்டிக்கிட்டா இருக்க? மடக்கு."