சரிவு பார்த்து நிறுத்தியவர்

சாணார்பட்டி மொக்கைச்சாமியிடம் அவருடைய பழைய அம்பாசிடரைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். வண்டி பழைய இரும்புக்குப் போய் இரண்டு வருடமாகிறது. மனிதர் இன்னும் அதிலிருந்து இறங்கவில்லை. நத்தம் ரோட்டில் பின்சக்கரம் கழன்று தன்னை முந்திக்கொண்டு ஓடியது, கியர்க் கம்பி கையோடு வந்தது, அடைமழையில் வைப்பர் பறந்து அடுத்தவன் தோட்டத்தில் விழுந்தது என்று ஒவ்வொன்றையும் பேரன் செய்த சேட்டை மாதிரி சொல்வார். கேட்கிறவனுக்குப் பஸ் போய்விடும். ஒரே ஒரு கதையை மட்டும் சொல்லமாட்டார். அதை அவர் மனைவி கருப்பம்மாளிடம்தான் கேட்க வேண்டும்.

முப்பத்திரண்டு வருடம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை பார்த்தவர் மொக்கைச்சாமி. டவுன் பஸ் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் டிரைவரைக் கூண்டுக்கு வெளியே நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் திட்டுவார். அதில் பஸ் ஏழு நிமிடம் தாமதமாகும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அப்பேர்ப்பட்ட மகராசன் ஓய்வு பெற்ற கையோடு ஆசை ஆசையாக வாங்கிய வண்டிதான் அது. வெள்ளை நிறம், டீசல் இஞ்சின், வெல்வெட் சீட். நேரம், காலம், மானம், மரியாதை எதுவும் அதற்குத் தெரியாது.

வாங்கிய மூன்றாம் மாதமே செல்ஃப் மோட்டார் செத்துப்போனது. மெக்கானிக் நாசர் பாய் பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், செல்ஃப் மோட்டார மாத்துனா பேட்டரி கேக்கும். பேட்டரிய மாத்துனா டைனமோ கேக்கும். கேக்குறதெல்லாம் மாத்துனா இது வேற வண்டி ஆயிரும்."

"எனக்கு வேற வண்டி வேணாம் பாய்," என்றார் மொக்கைச்சாமி.

அன்று பிடித்தது சரிவுப் பைத்தியம். வண்டியை மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி மேட்டில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிடுவார். கிளம்பும்போது கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். உருளுகிற வேகத்தில் இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால், இருமிக்கொண்டு இஞ்சின் பிடித்துக்கொள்ளும். கல் எடுக்கும் உத்தியோகம் கருப்பம்மாளுக்கு. எடுத்த கல்லோடு ஓடிவந்து, உருளுகிற வண்டியில் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஏறிக்கொள்ள வேண்டும். அறுபதை நெருங்குகிற வயசு. "இந்தச் சனியன என்னைக்கு எடைக்குப் போடுறீகளோ, அன்னைக்கு நான் முடியெறக்குறேன்" என்று பழனி ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டே ஏறுவார்.

சொந்த வீட்டு வாசலுக்கே டிராக்டரில் கிராவல் அடித்து ஒரு மேடு போட்டார் மொக்கைச்சாமி. திண்டுக்கல்லையும் அவர் சரிவுகளாகவே பார்க்க ஆரம்பித்தார். ஊரெல்லாம் மெச்சுகிற பிரியாணிக் கடை தட்டையான தெருவில் இருந்தது. ஆகவே அங்கே ருசி போய்விட்டது என்று அறிவித்தார். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தின் மேட்டில் இருந்த கடைக்கு மாறினார். அங்கே கறி வேகாது. "பல்லுக்கு நல்லது" என்பார். சமதளத்தில் கட்டின மண்டபத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் நாளே இவருக்குத் தலைவலி வந்துவிடும்.

ஏன், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? குறைந்துதான் போவார். ஒரே ஒருமுறை நத்தம் ரோட்டில் வண்டி நின்று, யாரோ இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது டவுன் பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. டிரைவர் தலையை நீட்டி, "டைம் கீப்பர் சார், எத்தன நிமிசம் லேட்டு?" என்றான். பஸ்ஸே சிரித்தது. அன்றைக்குச் சபதம் போட்டார். இனி செத்தாலும் எவனிடமும் "தள்ளு" என்று கேட்பதில்லை.

இந்த வீறாப்பு ஒற்றை மகள் கௌசல்யாவின் கல்யாணத்தில் வந்து முட்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கௌசல்யா திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் டவுன் பஸ்ஸில்தான் போய்வருவாள். அப்பாவின் காரில் போனால் முதல் பீரியடுக்குப் போக முடியாதல்லவா?

தரகர் சின்னக்கண்ணு முதலில் கொண்டுவந்த இடத்தில் தென்னந்தோப்பு, கிணறு, மாடி வீடு எல்லாம் இருந்தது. மேடு இல்லை. மொக்கைச்சாமி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டு, "காத்தோட்டம் பத்தாது" என்று திரும்பிவிட்டார்.

இரண்டாவது இடம் பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டி. அங்கே ஏமாந்து, சமதளத்திலேயே இஞ்சினை அணைத்து இறங்கிவிட்டார். நல்ல மனிதர்கள், நல்ல காபி. கிளம்பும்போது வண்டி உர் என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகக் குனிந்து, "ஏனுங்க, கொஞ்சம் தள்ளட்டுங்களா?" என்றார். இவர் வேண்டாம் என்பதற்குள் மாப்பிள்ளை, சித்தப்பன், பெரியப்பன் என்று ஏழு பேர் சேர்ந்து ஊர் எல்லைவரை தள்ளிக்கொண்டு போய் விட்டார்கள். வழியெல்லாம் வாசலில் சனம்.

"அந்த எடம் வேணாம்," என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"அம்புட்டுப் பதவிசா பேசுனாக. என்ன கொறையக் கண்டீக?" என்றார் கருப்பம்மாள்.

"கார் தள்ளுன கையில என் மக தாலி வாங்கணுமாக்கும்?"

கௌசல்யா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இந்தா பாருங்கப்பா. இனி ஒரே ஒரு எடம். அதுவும் ஒங்க கார்னால தட்டிப்போச்சு, அப்புறம் இந்த வீட்ல கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது. நான் பாட்டுக்கு ஸ்கூலுக்குப் போயிட்டு வருவேன். நீங்க பாட்டுக்கு மேடு தேடிட்டு இருங்க."

மொக்கைச்சாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகள் சொன்னால் சொன்னதுதான், அவருடைய ரத்தமல்லவா? கார் பெரிதா, மகள் பெரிதா என்று நியாயமாகவே யோசித்தார். மகள்தான் பெரிது. ஆனால் தள்ளு என்று கேட்க வாய் வரவேண்டுமே! கடவுளே, மூன்றாவது இடமாவது மேட்டில் அமையட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மூன்றாவது இடம் தூரத்துச் சொந்தம். விக்னேஷ்குமார், மின்வாரியத்தில் வேலை. வீடு திண்டுக்கல்லை ஒட்டிப் புதிதாகப் பிளாட் போட்ட நகரில். தோசைக்கல் மாதிரி தட்டையான இடம் என்று அவருக்குத் தெரியும். "செத்த நேரம் எட்டிப் பாத்துட்டு, வண்டிய ஆஃப் பண்ணாமலே வந்துருவோம்" என்று கலங்கிய மனதோடு கிளம்பினார். கருப்பம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை. அதையாவது அவர் கவனித்திருக்கலாம்.

தெருவுக்குள் திரும்பினார். மாப்பிள்ளை வீட்டு வாசலில், செம்மண் கிராவலில், அழகான ஒரு மேடு. மூக்கு ரோட்டைப் பார்க்க, வண்டி நிற்பதற்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு சரிவு! மொக்கைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏற்றி நிறுத்தினார். கருப்பம்மாள் இறங்கிக் கல்லைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் அவர் ஒரு குறையும் காணவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது, பையன் என்ன படித்தான், எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குச் சம்மதம் இல்லாமல் பெண் வீட்டார் அங்கே கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம். காபி வேறு, சாப்பாடு வேறு. அவர்கள் தயங்கித் தயங்கி, "சாப்புடலாமா?" என்று கேட்டார்கள். மொக்கைச்சாமி வேட்டியை மடித்துக்கொண்டு முதல் ஆளாக இலைமுன் உட்கார்ந்தார். "வெஞ்சனம் இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். கல்யாணம் முடிவாகிவிட்டது. திரும்பும்போது வண்டி ஒரே உருளலில் பிடித்துக்கொண்டது. "பையன் தங்கம்" என்றார் வழியெல்லாம்.

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. ஆடி பிறக்க, மகளை அழைத்து வரக் கருப்பம்மாளோடு போனார். நல்ல மழை பெய்து ஓய்ந்த சமயம். பழக்கத்தில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டார். இறங்கிப் பார்த்தால் மேட்டைக் காணோம்! கொஞ்சம் செந்நிறச் சேறு மட்டும் சாக்கடையோரம் கிடந்தது.

"மாப்ள, இங்கன இருந்த மேடு எங்க?"

விக்னேஷ்குமார் கௌசல்யாவைப் பார்த்தான். அவள் வெடித்துச் சிரித்துவிட்டாள். இனி மறைக்க வழி இல்லை. "மழையில கரைஞ்சுருச்சு மாமா. நீங்க வீடு பாக்க வர்றதுக்கு மொத நாள்தான் ரெண்டு டிராக்டர் கிராவல் அடிச்சோம். நானும் இவளும் நாலு வருசமா ஒரே பஸ்ல போறோம். நீங்க எந்த எடத்தயும் மேடு பாத்துத்தான் முடிவு பண்ணுவீங்கன்னு இவதான் சொன்னா."

நாலு வருடமா? எந்த பஸ்? காலை எட்டு பத்து வண்டிதானே? அந்த பஸ்ஸை ஒரு காலத்தில் நேரம் தவறாமல் ஓடவைத்ததே இவர்தான்! முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு கண்டக்டர்கூட ஏமாற்ற முடியாத மனிதரை இரண்டு டிராக்டர் மண்ணால் மடக்கிப் போட்டிருக்கிறார்கள். கோபம் மண்டைக்கு ஏறியது. ஆனால் ஒரு சந்தேகம் கோபத்தை முந்திக்கொண்டது.

"சரியா எம்புட்டு உசரம் வேணும்னு ஒனக்கு எப்புடித் தெரியும்? அந்த வண்டிக்கு ஒரு சாண் கொறஞ்சாலும் பிடிக்காதே?"

"அத்தைதான் மாமா போன்ல அளவு சொன்னாங்க."

மொக்கைச்சாமி திரும்பினார். பத்து வருடமாக அந்த வண்டியை எடைக்குப் போடச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்த கருப்பம்மாள், கையில் கல்லோடு, வேலைமெனக்கெட்டு எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ன அளவு சொன்ன?"

"ரெண்டடி சொன்னேன். பயபுள்ள ஒண்ணரையோட நிறுத்திப்புட்டான்," என்றார் கருப்பம்மாள். "அன்னைக்கு வண்டி பிடிக்கிற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல."

மொக்கைச்சாமி வண்டிக் கதவைத் திறந்தார். சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மகளும் துணிப்பையோடு பின்னால் ஏறிக்கொண்டாள். தெரு நெடுக ஆட்கள் நின்றார்கள். முனையில் டவுன் பஸ் ஒன்றும் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"தள்ளுங்க மாப்ள," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும் செத்த கை குடு, கருப்பம்மா."