அம்மா வீட்டுக்கு எப்போ?

கர்ப்பிணிப் பெண் யாரைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான் — "அம்மா வீட்டுக்கு எப்போ?" நலம் விசாரிப்பதாக நினைப்பு. போன மாதம் வரைக்கும்.

பக்கத்து வீட்டு மருமகள் செல்விக்கு — பெயரை மாற்றியிருக்கிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன் — அப்போது ஏழாம் மாதம். தலைச்சன் பிள்ளை. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருக் குழந்தைகள் பவர்லூம் சத்தத்திலேயே அசந்து தூங்கும். இவளுக்கு மட்டும் பொட்டுத் தூக்கம் கிடையாது. கால் வீங்கியிருந்தது. செக்கப்புக்குப் போகிறபோதெல்லாம் பிரஷர் ஏறியிருந்தது. நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வந்தாலே வெடவெடவென்று நடுங்குவாள்.

உப்பைக் குறைத்தாயிற்று, மாத்திரையும் கொடுத்தாயிற்று. இறங்கவில்லை.

டாக்டருக்குப் பிடிபடாதது டீச்சரான எனக்குப் பிடிபடாதா? "தாய் வீட்டு ஏக்கம்தான். ஒன்பதாம் மாசம் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? வளையலைப் போட்டுச் சீக்கிரம் அனுப்பிடுங்க" என்று அவள் மாமியாரிடம் சொன்னேன். வளையல் போட்டால் அன்றைக்கே தாய் வீடுதானே! காலண்டரைப் புரட்டி நாள் பார்த்துக் கொடுத்ததும் நான்தான். நரிக்குடிப் பக்கம் இருக்கும் அவள் பிறந்த வீட்டுக்குக் கார்டும் போட்டாயிற்று.

கல்யாணமாகி மூன்று பொங்கலுக்கும் அவள் அங்கே போகவில்லை. புருஷனைப் பிரிய மனசில்லை என்று கேலி செய்திருக்கிறோம். அது ஏன் எனக்கு அப்போது உறைக்கவில்லை?

அடுத்த வாரச் செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. லேடி டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் கழித்து, செல்வியே என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"டீச்சர், என்னய அங்க அனுப்பாதீக. மாமா அந்த வீட்லதான் இருக்காரு."

மாமா என்றால் அவள் அம்மாவின் தம்பி. இவளுக்கு ஒன்பது வயதாகும்போது அந்த ஆள் முறைகெட்டு நடக்க ஆரம்பித்திருக்கிறான். அவள் வயதுக்கு வந்த பிறகுதான் அது நின்றது. அம்மாவிடம் சொன்னாளாம். கிடைத்தது கன்னத்தில் ஓர் அறை. "வெளிய சொன்னா ஒன்னய யாரு கட்டுவா?"

தாய்மாமன் என்ற முறையில் முதல் வளையல் போட வரப்போவதே அவன்தான்! நான் குறித்துக்கொடுத்த நாளில்!

டாக்டர் நிதானமாகச் சொன்னார். "பிரஷருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா சின்ன வயசுல பட்டது, பிள்ளை உண்டாகி இருக்கும்போது இப்படியும் வெளிய வரும். தூக்கம் போகும், படபடப்பு வரும், யாராவது தொட்டாலே பதறும். இவங்க முதல் ஆள் இல்லைங்க."

முதல் ஆள் இல்லையாம்! இதுவரை எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறேனோ...

பஸ்ஸில் வரும்போது செல்வி என் கையை விடவே இல்லை. மாமியாருக்குத் தெரிந்தால் வாழ்க்கை போய்விடும் என்று பயம். தெரியாவிட்டால் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும். கடைசியில், "நீங்களே சொல்லிருங்க டீச்சர்" என்றாள்.

சொன்னேன். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

குறித்த நாளில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அந்த ஆளும் சீர்த்தட்டோடு வந்து வாசலில் நின்றான். மாமியார் குறுக்கே போனார்.

"தட்டோட அப்பிடியே திரும்பிப் போங்க. என் மருமகளுக்கு மொத வளையல் நாந்தேன் போடுவேன். பிரசவமும் இங்கதேன்."

கூட்டம் திகைத்துவிட்டது. செல்வியின் அம்மா மட்டும், "மொறைனு ஒண்ணு இருக்குல்ல மதினி?" என்றார்.

"இருக்கு. அத ஒங்க தம்பிட்ட சொல்லிருக்கணும்."

செல்வியின் அம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

பிரஷர் மந்திரம் போட்டதுபோல இறங்கிவிடவில்லை. மாத்திரை தொடர்கிறது. போன செக்கப்பில் கொஞ்சம் குறைந்திருந்தது. மாமியார் பக்கத்தில் படுத்தால் தூங்குகிறாளாம்.

நானும் என் கேள்வியை மாற்றிக்கொண்டுவிட்டேன். "அம்மா வீட்டுக்கு எப்போ?" என்று இப்போது கேட்பதில்லை — "போகணும்னு இருக்காம்மா?"