பெரியம்மா திருத்திய பதினோரு மரணங்கள்

"உங்க பெரியம்மாவை எதுக்கும்மா அடிச்சான்?" என்று காவல் நிலையத்தில் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கண் முன்னால்தான் நடந்தது. கதவைத் திறந்ததும் ஓர் ஆள், "மாத்தி எழுதுடி!" என்று கத்திக்கொண்டே இரும்புக் குழாயை ஓங்கினான். பெரியம்மா தலையை மறைக்கக் கையைத் தூக்கினார். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த பிறகும் முதுகில் இரண்டு அடி. எதை மாற்றி எழுதச் சொன்னான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரியம்மா பிரசவ மருத்துவர். பள்ளி முடித்துவிட்டு அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். பிரசவத்தில் தாயும் சிசுவும் ஏன் சாகிறார்கள் என்று இருபத்திரண்டு வருடம் ஆராய்ந்து முப்பத்தாறு கட்டுரைகள் எழுதியிருந்தார். "முப்பத்தாறு எழுதினவளுக்கு மளிகைச் சீட்டு ஒண்ணு ஒழுங்கா எழுத வராது" என்பார் பெரியப்பா. "அதைப் படிச்சு ஒழுங்கா வாங்கிட்டு வர உங்களுக்கும் வராது" என்பார் பெரியம்மா.

ஒரு கட்டுரைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஐந்து வருடங்களில் அவர் மருத்துவமனையில் இறந்த கர்ப்பிணிகளை ரத்தப்போக்கு, வலிப்பு, காய்ச்சல் என்று காரணம் வாரியாகப் பிரித்திருந்தார். கடைசியில் ஒரு வரி: விபத்தில் இறந்த பதினேழு பேர் சேர்க்கப்படவில்லை. அந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் விலக்குவார்கள்.

போன வருடம் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. வயிறு கறுத்துக் கன்றியிருந்தது. "மாடிப்படியில உருண்டுட்டா" என்றான் புருஷன். குழந்தை வயிற்றிலேயே செத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் அவளும் போய்விட்டாள். பெரியம்மா படிவத்தில் 'விபத்து' என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

தலைமை நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் படி டாக்டரம்மா? நானும் அதே தெருதான். ஒத்தை ரூம், தகரக் கூரை. அந்த வீட்டுல ஏது மாடி?"

பெரியம்மா 'அடியால் மரணம்' என்று எழுதினார். அன்றே பழைய பதினேழு கோப்புகளையும் வெளியே எடுத்தார். படியில் விழுந்ததாக எழுதியிருந்த பதினோரு பேருக்கு முன்கை முறிந்திருந்தது. விழுகிறவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றுவதால் மணிக்கட்டுதான் உடையும். வயிற்றை மறைத்து அடி வாங்குகிறவளுக்கு முன்கை உடையும். ஒருத்தியின் வயிற்றில் செருப்புத் தடம் இருந்ததாகக் குறிப்பே இருந்தது. முகவரி தேடிப் போனார். ஒன்பது வீடுகளில் படியே இல்லை. மற்ற இரண்டு வீடுகளில் அலறலைக் கேட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்கள்.

கட்டுரையைத் திருத்த வேண்டும் என்று துறைத்தலைவரிடம் போய் நின்றார்.

"அடுத்த மாசம் உங்களுக்குப் பேராசிரியர் பதவி. அந்தக் கட்டுரைக்காகத்தான் தர்றாங்க. உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கப் போறீங்களா?"

"பதினோரு பேரைப் படியில உருட்டி விட்டது நான்தான் சார். நான் எழுதினதாலதானே அவங்க விழுந்தாங்க?"

அந்த வாரம்தான் தகரக் கூரை வீட்டுக்காரன் குழாயோடு வந்தான். படிவத்தை வைத்துப் போலீஸ் அவனைத் தேட ஆரம்பித்திருந்தது.

வலது கையில் மாவுக்கட்டோடு, இடது கையின் ஒரே விரலால் பெரியம்மா திருத்தத்தைத் தட்டச்சு செய்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் முதுகு வலித்தது. "நான் அடிச்சுத் தரட்டுமா?" என்று பெரியப்பா கேட்டார். "வேணாம், தப்பு என்னோடது" என்றார். பதினோரு நாள் ஆனது.

முப்பத்தேழாவதாக அது வெளிவந்தது. இரண்டே பக்கம். அதில் ஒரு வரி: "பதினோரு பெண்கள் கர்ப்பிணியாக இருந்தபோது அடித்துக் கொல்லப்பட்டார்கள். நான் அவர்களை விலக்கியது தவறு." பேராசிரியர் பதவி வேறொருவருக்குப் போனது. பெரியம்மா வார்டுக்குத் திரும்பிவிட்டார். கை இன்னும் முழுசாக மடங்கவில்லை.

மருத்துவமனையில் வேலை செய்கிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டும் சும்மா இருந்தவர் யாரையாவது தெரிந்தால், அவரிடம் முதலில் சொல்லுங்கள்.